விஃபிள் பால்: வீட்டுக்குப் பின்னால் ஒரு பேஸ்பால் மைதானம்

பேஸ்பாலில் பந்தை வளைத்து வீச விரலும் மணிக்கட்டும் தோளும் ஒத்துப்போக வேண்டும். வருஷக்கணக்கில் பழகினால்தான் கைவரும். ஓட்டை போட்ட லேசான பிளாஸ்டிக் பந்தை வைத்து ஆடும் விஃபிள் பாலில் பத்து வயதுப் பெண் அரை மணி நேரத்தில் அதைச் செய்துவிடுவாள். பந்து நேராக வருகிறது என்று நம்பி அப்பா மட்டையைச் சுழற்றுவார், பந்து அவருக்கு ஒரு முழம் தள்ளிப் போய்விடும். அமெரிக்காவில் கோடைச் சாயங்காலங்களில் வீடுகளின் பின்பக்கம் கேட்கும் சிரிப்புக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அமெரிக்காவில் குடியேறி, புல்வெட்டும் கடமையோடு சேர்த்து ஒரு பேக்யார்டையும் வாங்கியிருக்கும் நம்மவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். பேஸ்பால் தெரியாதவர்களும் படிக்கலாம். எனக்குத் தெரிந்து அந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஓட்டம், பெரிய மைதானம், ஆளுக்கொரு கையுறை, பல்லைப் பெயர்க்கும் கடினப் பந்து எல்லாவற்றையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் நடக்கும் மல்லுக்கட்டு மட்டும். பேஸ்பாலின் சாரமே அதுதான்.

எங்கிருந்து வந்தது

1953. கனெக்டிகட் மாநிலத்தில் ஃபேர்ஃபீல்டு என்ற ஊர். டேவிட் முல்லனி கல்லூரி நாட்களில் பேஸ்பால் பிட்ச்சராக, அதாவது பந்து வீசுபவராக, இருந்தவர். அப்போது தொழில் நொடித்துப் போய் வேலை தேடிக்கொண்டிருந்தார். அவருடைய 12 வயது மகன் நண்பனோடு சேர்ந்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கோல்ஃப் பந்தையும் துடைப்பக் கட்டையையும் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். அந்தச் சின்னப் பந்தை வளைக்கப் பார்த்தே பையனின் கை ஓய்ந்து போனது. வளரும் தோளுக்கு அது நல்லதல்ல என்று முன்னாள் பிட்ச்சரான அப்பாவுக்குத் தெரியாதா?

கோட்டி என்ற வாசனைத் திரவியக் கம்பெனியின் பொதிகளில் வந்த உருண்டை பிளாஸ்டிக் பாகங்கள் அவர் கைக்குக் கிடைத்தன. சமையலறை மேஜையில் உட்கார்ந்து, பிளேடால் விதவிதமாக ஓட்டை வெட்டிப் பார்த்தார். கடைசியில் தேறியது இன்றும் விற்கும் அதே பந்து: ஒரு பாதி முழுக்க மூடியிருக்கும், மறுபாதியில் எட்டு நீள்வட்டத் துளைகள். அவர் தொடங்கிய கம்பெனி இப்போது அதே மாநிலத்தின் ஷெல்டனில் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் நடத்துகிறார்கள். 2017-இல் இந்தப் பந்து அமெரிக்காவின் தேசிய பொம்மைகள் புகழ்க்கூடத்தில் இடம்பிடித்தது.

தொழில்முறை பேஸ்பாலோடு உறவு அப்போதே தொடங்கிவிட்டது. பந்து விற்ற அட்டைப்பெட்டிகளில் டெட் வில்லியம்ஸ், வைட்டி ஃபோர்டு, பின்னாளில் பீட் ரோஸ் போன்ற நட்சத்திரங்களின் படம் இருக்கும். அதற்கு முன்பே, 1950-களின் தொடக்கத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் வில்லி மேஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து ஹார்லெம் தெருவுக்குத் திரும்பியதும் அங்குள்ள பையன்களோடு துடைப்பக் கட்டையும் ரப்பர் பந்தும் வைத்து ஆடுவார். தெரு ஆட்டத்துக்கும் பெரிய லீக்குக்கும் நடுவே அன்றைக்குப் பெரிய சுவர் ஏதும் இருக்கவில்லை.

படி 1: பந்தும் மட்டையும்

பந்து பேஸ்பால் அளவுதான். எடை சுமார் 20 கிராம். உண்மையான பேஸ்பால் 142 முதல் 149 கிராம். முகத்தில் பட்டாலும் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். மட்டை மஞ்சள் நிறத்தில், ஒல்லியாக, 32 அங்குல நீளத்தில் உள்ளே கூடாக இருக்கும் பிளாஸ்டிக் மட்டை. 1970-களின் தொடக்கம் வரை மரத்தில் வந்துகொண்டிருந்தது.

கடையில் தடித்த வயிறுள்ள பெரிய பிளாஸ்டிக் மட்டைகளும் தொங்கும். நாலைந்து வயதுக் குழந்தைக்கு அது சரி. மற்றவர்களுக்கு வேண்டாம், அதை வைத்து அடித்தால் வீசுபவருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். பந்து மட்டும் நாலைந்தாக வாங்குங்கள். கூரையில் ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கம் ஒன்று, நாயின் வாயில் ஒன்று என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டு பாதியும் ஒட்டும் விளிம்பில் பந்து விரிசல் விடும். குளிர் நாளில் இன்னும் சீக்கிரம் விடும். விரிந்த பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படி 2: இடம்

20 அடி அகலம், 60 அடிக்குச் சற்று அதிக நீளம் இருந்தால் ஆடலாம். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் விரிந்து செல்லும் கோடுகள் எல்லை. அவற்றுக்கு வெளியே விழுந்தால் ஃபவுல். பேட்டரிலிருந்து ஏறக்குறைய 24 அடியில் ஓர் அடையாளம், அதற்கு 20 அடி தள்ளி இன்னொன்று, இன்னும் 20 அடி தள்ளி மூன்றாவது. பழைய சட்டை, பூந்தொட்டி, செருப்பு எதை வேண்டுமானாலும் வையுங்கள். பேஸ்பாலில் அடித்தவர் மூன்று பேஸ்களை, அதாவது நிலைகளை, சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன்; அந்தத் தொடங்கிய இடம்தான் ‘வீடு’. முதல் அடையாளத்தைத் தாண்டினால் சிங்கிள் (ஒரு பேஸ்), இரண்டாவதைத் தாண்டினால் டபுள் (இரண்டு பேஸ்), மூன்றாவதையும் தரையில் படாமல் பறந்து தாண்டிவிட்டால் ஹோம் ரன் (நேராக வீடு). நடுவில் டிரிப்பிளை (மூன்று பேஸ்) எங்கே வைப்பது என்பது இடத்தைப் பொறுத்தது. என் கணக்கில் வேலியில் பட்டுத் திரும்புவதெல்லாம் டிரிப்பிள்.

பந்து லேசு என்பதால் காற்று சீக்கிரமே அதன் வேகத்தைத் தின்றுவிடும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 100 அடிக்கு அப்பால் போவது அபூர்வம். அதனால்தான் இந்த ஆட்டம் ஒரு வீட்டின் பின்பக்கத்துக்குள் அடங்குகிறது.

மரம், கூரை, துணிக்கொடி எல்லாவற்றையும் ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் 37 அடிச் சுவர் ஒன்று நிற்பதற்குக் காரணம், அந்தப் பக்கம் தெரு நெருக்கிக்கொண்டிருந்ததுதான். இன்று அந்தப் பச்சைச் சுவர்தான் அந்த மைதானத்தின் அடையாளம். வெர்மான்ட் மாநிலத்தின் எசெக்ஸில் ஒருவர் தன் வீட்டு நிலத்தில் 2001-இல் ஃபென்வேயின் குட்டி நகலையே விஃபிள் பாலுக்காகக் கட்டினார், சுவரும் சேர்த்து. பிறகு சிகாகோவின் ரிக்லி ஃபீல்டுக்கும் ஒரு குட்டி நகல் வந்தது. ஐஸ் ஹாக்கி ஆடும்போது முதுகுத்தண்டில் அடிபட்ட டிராவிஸ் ராய் பெயரிலான அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் போட்டிகள் பல வருஷம் அங்கே நடந்தன.

அக்கம்பக்கத்தாரை மறக்க வேண்டாம். 2008-இல் கனெக்டிகட்டின் கிரீனிச்சில் பதின்வயதுப் பிள்ளைகள் ஊருக்குச் சொந்தமான ஒரு காலி மனையைச் சுத்தம் செய்து, ப்ளைவுட்டில் பச்சைச் சுவர் எழுப்பி விஃபிள் பால் ஆடினார்கள். சத்தம், வண்டி நெரிசல் என்று பக்கத்து வீட்டார் புகார் செய்ய, அது நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன்பே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். புகாரும் குறையும், ஆளும் சேரும்.

படி 3: ஸ்ட்ரைக் பலகை

இரண்டு பேர் மட்டும் ஆடினால் பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிக்க ஆள் இருக்காது. அங்கே ஒரு மடக்கு நாற்காலியைப் போடுங்கள். பந்து நாற்காலியில் பட்டால் ஸ்ட்ரைக், அதாவது சரியான வீச்சு; படாவிட்டால் ‘பால்’, அதாவது தவறிய வீச்சு. விஃபிள் பால் லீக்குகளில் ஆடுபவர்கள் குழாய்ச் சட்டத்தில் தகரப் பலகை மாட்டிக்கொள்கிறார்கள். பந்து பட்டால் ‘டங்’ என்று கேட்கும். வாக்குவாதமே கிடையாது.

பெரிய லீக்கில் நூறு வருஷத்துக்கு மேலாக அம்பயரின் கண்தான் ஸ்ட்ரைக்கா இல்லையா என்று தீர்மானித்தது. அம்பயர் சொன்னதை எதிர்த்து கேமராக் கணிப்பிடம் முறையிடும் வசதி 2026 பருவத்துக்குத்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்த விஷயத்தில் கொல்லைப்புறம் முந்திக்கொண்டது.

படி 4: விதிகள்

மூன்று ஸ்ட்ரைக் போனால் பேட்டர் அவுட். மூன்று பேர் அவுட்டானால் அடுத்த அணி. முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை ஃபவுலும் ஸ்ட்ரைக்காகக் கணக்கு. பறந்து வரும் பந்தைத் தரையில் படும் முன் பிடித்தால் அவுட். எல்லைக்குள் உருண்டு வரும் பந்தை அது நிற்கும் முன் பிடித்தாலும் அவுட். மட்டையை நீட்டிப் பந்தை மெல்லத் தட்டி வைக்கக் கூடாது. முழு ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ். பிள்ளைகளோடு ஆடும்போது நாலு போதும்.

ஓடுவது யார்? யாரும் இல்லை. சிங்கிள் அடித்தால் முதல் பேஸில் ஒரு கற்பனை ஆள் நிற்கிறார். அடுத்தவர் சிங்கிள் அடித்தால் அவர் இரண்டாவதுக்குப் போவார். டபுள் அடித்தால் மூன்றாவதுக்கு. அடி எத்தனை பேஸோ, எல்லோரும் அத்தனை பேஸ் நகர்வார்கள். முதல் பேஸில் நிற்பவர் வீடு வந்து சேர மூன்று சிங்கிள் வேண்டும், அல்லது ஒரு சிங்கிளும் ஒரு டபுளும், அல்லது ஒரே ஒரு டிரிப்பிள்.

அமெரிக்கப் பிள்ளைகள் இந்தக் கற்பனை ஆளை ‘கோஸ்ட் ரன்னர்’ என்பார்கள், பேய் ஓட்டக்காரர். 2020-இல் பெரிய லீக்கான எம்.எல்.பி. ஒரு மாற்றம் கொண்டுவந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராவிட்டால், அடுத்த ஒவ்வொரு இன்னிங்ஸும் இரண்டாவது பேஸில் ஓர் ஆளை நிறுத்தித் தொடங்கும். 2023-இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அங்கே நிற்பவர் ரத்தமும் சதையுமான ஆட்டக்காரர்தான். ஆனால் அவர் அடித்து அந்த பேஸுக்கு வரவில்லை என்பதால் ரசிகர்கள் அவருக்கும் அதே பேய்ப் பெயரை ஒட்டிவிட்டார்கள். பழைய ரசிகர்களில் பலருக்கு இந்த விதி பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்; சின்ன வயதில் எல்லோரும் ஆடிய ஆட்டம்தானே.

நாலு பால் போனால் இலவசமாக முதல் பேஸ் என்ற பேஸ்பால் விதியைத் தொடக்கத்தில் விட்டுவிடலாம். எட்டு வயதுப் பையன் வீசும்போது அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் பொழுது சாய்ந்துவிடும்.

படி 5: வீசுவது

இங்கே கொஞ்சம் நின்று போவோம். விஃபிள் பாலின் முழுச் சுகமும் இதில்தான் இருக்கிறது.

40 அடி தூரத்தில் நில்லுங்கள். பேஸ்பாலில் இந்தத் தூரம் 60 அடி 6 அங்குலம், சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் 46 அடி. பெரியவர்களுக்கு மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, வீசுபவரின் கையை விட்டு பேட்டரை அடைய ஆகும் நேரம் சுமார் 0.4 விநாடி. 40 அடியிலிருந்து மணிக்கு 60 மைலில் விஃபிள் பந்தை வீசினாலும் ஏறக்குறைய அதே நேரம்தான் கிடைக்கும். காற்று இழுத்துப் பிடிப்பதால் கூடுதலாகத் துளி கிடைக்கலாம். லீக் ஆட்டக்காரர்களுக்கு எதிரே நின்று மட்டையைத் தூக்கும் பெரியவர்கள் திணறுவது இதனால்தான்.

பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். மூடிய பாதியும் துளைப் பாதியும் சேரும் விளிம்பு தெரிகிறதா? ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேலே அந்த விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் கீழே. நீங்கள் வலக்கைக்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

துளைகள் உங்கள் இடப்பக்கம் பார்க்கும்படி வைத்து, தலைக்கு மேலிருந்து சாதாரணமாக வீசுங்கள். பந்து இடப்பக்கம் வளையும், வலக்கை பேட்டரிடமிருந்து விலகி ஓடும். துளைகளை வலப்பக்கம் திருப்பிவிட்டு அதே மாதிரி வீசினால் அவர் உடம்பை நோக்கி உள்ளே வரும். கை அசைவு இரண்டுக்கும் ஒன்றே. பேட்டர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

கீழே விழும் பந்துக்குத் துளைகள் கீழே பார்க்க வேண்டும். இதைத் தலைக்கு மேலிருந்து வீசினால் சரிவராது. அப்படி வீசும்போது பந்து பின்னோக்கிச் சுழலும், துளைகள் கீழே, முன்னே, மேலே என்று சுற்றிவருவதால் ஒரு பக்கத் தள்ளலை மறுபக்கத் தள்ளல் ரத்து செய்துவிடும். கையைப் பக்கவாட்டில் தட்டையாக வீசுங்கள். அப்போது பந்து பம்பரம்போல் சுழலும், துளைகள் கடைசி வரை தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். இதே வீச்சில் துளைகளை மேலே வைத்தால் பந்து விழ மறுத்து மிதந்து போகும்; பேட்டருக்கு அது மேலே ஏறுவதுபோல் தெரியும். இங்கே ‘ரைசர்’ என்கிறார்கள். இடுப்புக்குக் கீழேயிருந்து வீசினால் இன்னும் ஜோர். நன்றாக வீசிய பந்து துளைகள் வழியே ‘விஸ்’ என்று சீழ்க்கை அடித்துக்கொண்டு போவது உங்கள் காதுக்கே கேட்கும்.

ஏன் வளைகிறது? துளைப் பாதியைத் தழுவிப் போகும் காற்று கலங்கிப் போகிறது. கலங்கிய காற்று பந்தின் மேற்பரப்பை இன்னும் கொஞ்சம் தூரம் ஒட்டிக்கொண்டு போய் விலகும். வழுவழுப்பான பாதியில் சீக்கிரமே விலகிவிடும். பந்துக்குப் பின்னால் காற்றோட்டம் ஒரு பக்கமாகத் திரும்புகிறது, பந்து மறுபக்கம், அதாவது துளைகள் இருக்கும் பக்கம் தள்ளப்படுகிறது. கிரிக்கெட்டில் ஒரு பக்கம் பளபளப்பாகத் தேய்த்த பந்து ஸ்விங் ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. விஃபிள் பாலில் கூடுதல் சிக்கல், துளை வழியே உள்ளே புகுந்து சுழலும் காற்று. பென்சில்வேனியாவின் லாஃபயெட் கல்லூரியில் ஜென் ராஸ்மன் என்ற பொறியியல் பேராசிரியர் காற்றுச் சுரங்கத்தில் இந்தப் பந்தை வைத்து ஆராய்ந்தார். வெளிக்காற்றும் உள்ளே சிக்கிய காற்றும் போட்டி போடுகின்றன. வேகத்தையும் பந்து நிற்கும் கோணத்தையும் பொறுத்து எது ஜெயிக்கும் என்பது மாறும். ஆகவே மேலே சொன்ன திசைகளைத் தொடக்கப்புள்ளியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியை வைத்து உங்கள் கைக்கு, உங்கள் வேகத்துக்கு எப்படிப் போகிறது என்று பார்த்துவிடுங்கள்.

தேய்ந்த பந்து புதுப் பந்து மாதிரி நடக்காது. லீக்குகளில் சிலர் வேண்டுமென்றே உப்புத்தாளால் தேய்ப்பார்கள், கத்தியால் கீறுவார்கள். பெரிய லீக்கில் இதைச் செய்தால் மைதானத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உங்கள் இஷ்டம், ஆனால் இரண்டு அணியும் அதே பந்தால் வீச வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சுழற்சிதான் பந்தை வளைக்கிறது என்றே பேஸ்பால் உலகம் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தது. 2019 வாக்கில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் ஸ்மித் குழுவினர், 108 இரட்டைத் தையல்கள் கொண்ட பேஸ்பாலில் தையல் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே காற்றோட்டத்தைத் திருப்பி, சுழற்சிக் கணக்குக்கு மேல் பந்தை நகர்த்தும் என்று காட்டினார்கள். அது தெரிந்த பிறகு அணிகள் பிட்ச்சர்களுக்குப் பந்தைப் பிடிக்கும் விதத்தையே மாற்றிச் சொல்லிக்கொடுக்கின்றன. 2023-இல் எம்.எல்.பி.யின் அளவீட்டு முறை ‘ஸ்வீப்பர்’ என்று ஒரு வீச்சைத் தனி இனமாகக் குறிக்கத் தொடங்கியது. பக்கவாட்டில் வெகுதூரம் விலகி ஓடும் பந்து. அதை முதன்முதலில் டிவியில் பார்க்கும் எவருக்கும் ‘இது விஃபிள் பால் மாதிரி போகிறதே’ என்றுதான் தோன்றும். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி இருந்தால் பந்து நகரும். முல்லனி அதை பிளேடால் வெட்டிக் காட்டியிருந்தார்.

படி 6: அடிப்பது

ஓங்கி அடிக்காதீர்கள். மட்டை இறகு மாதிரி இருப்பதால் கை தானாக முந்தும், பந்து இன்னும் பாதி வழியில் இருக்கும்போது மட்டை சுற்றி முடிந்திருக்கும். பந்து கடைசிப் பத்தடியில்தான் அதிகம் வளையும், அதுவரை காத்திருங்கள். தோளுக்கு நேராகத் தட்டையாக அடித்த பந்துதான் அடையாளங்களைத் தாண்டும். வானத்துக்குத் தூக்கியது காற்றில் தொங்கிப் பிடிபடும்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு பந்து போகும் திசையை ஊகித்து, பாதி வேகத்தில் மட்டையை விடுங்கள். பந்து பட்டாலே போதும். தொழில்முறை ஆட்டக்காரர்களும் கண்ணுக்கும் கைக்கும் பயிற்சியாகச் சின்ன பிளாஸ்டிக் பந்துகளை அடித்துப் பழகுவதுண்டு.

படி 7: ஆட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்குவது

நாலு குடும்பம் சேர்ந்துவிட்டால் ஒரு போட்டி வைத்துவிடலாம். இப்படித் தொடங்கியவைதான் எல்லாமே. 1980-இல் இண்டியானாவின் மிஷவாக்காவில் உலக விஃபிள் பால் சாம்பியன்ஷிப் ஆரம்பமானது. மிச்சிகனின் பிரைட்டனில் 2009-இல் சில பிள்ளைகள் தொடங்கிய எம்.எல்.டபிள்யூ. என்ற விஃபிள் பால் லீக், யூடியூப் வழியாக இன்று பெரிய கூட்டத்தைச் சேர்த்துவிட்டது. சீருடை, வர்ணனை, புள்ளிவிவரம் எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு அதில் ஒரு ஆட்டத்தைக் காட்டிவிட்டால் மறுநாளே அணிப் பெயர் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்த வீடியோக்களைப் பார்த்த பிறகு பிள்ளைகள் முழு வேகத்தில் வீச ஆரம்பிப்பார்கள் என்பதுதான் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று. பந்து லேசு, அதனால் கைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துவிட வேண்டாம். லேசான பந்தைப் பலங்கொண்ட மட்டும் எறிந்தாலும் தோளும் முழங்கையும் நோகும். தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடிக்கட்டும். லிட்டில் லீக்கில் ஒரு நாளைக்கு எத்தனை பந்து வீசலாம் என்று வயதுக்கு ஏற்ப வரம்பு வைத்திருக்கிறார்கள்: 9–10 வயதுக்கு 75, 11–12 வயதுக்கு 85. வீட்டிலும் அதையே கணக்காக வையுங்கள், பையன் அன்றைக்குப் பள்ளியில் பேஸ்பால் வீசியிருந்தால் அதையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். கை வலிக்கிறது என்று சொன்னால் மட்டையைக் கொடுத்து எதிர்ப்பக்கம் அனுப்புங்கள். உங்கள் கை வலித்தாலும் அப்படியே.